கப்பல் பயணத்தின் கடைசி நாள் வீணாகாமல் இருக்க

கேள்வி:

நானும் கணவரும், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகளும், மாமனார் மாமியாருமாக ஆறு பேர் முதல்முறையாகச் சொகுசுக் கப்பலில் போகிறோம். சிங்கப்பூரில் திங்கட்கிழமை ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு, வியாழன் முழுக்கக் கடலில் இருந்து, வெள்ளி காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரிலேயே இறங்குகிறோம். அன்றே 11.15 மணிக்குத் திருச்சி விமானம். போன வருடம் போய்வந்த என் நாத்தனார், "கடைசி நாள் பெட்டி கட்டுறதுலயும் வரிசையில நிக்கிறதுலயுமே போயிடும். காலையில விரட்டாத குறையா இறக்கி விட்டுடுவாங்க" என்கிறார். ராத்திரியே பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டுமாமே, பாதுகாப்புதானா? மாமியாருக்கு முழங்கால் வலி, கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். கணவர் கப்பல் கடையில் இரண்டு பாட்டில் வாங்க ஆசைப்படுகிறார். டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது. கடைசி நாளை நிம்மதியாகக் கழிக்க வழி சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 11.15 மணி விமானத்தை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கப்பல் ஏழு மணிக்குத் துறைமுகத்தில் கட்டப்படும் என்றால், ஏழு மணிக்கு நீங்கள் இறங்கிவிடுவீர்கள் என்று அர்த்தமில்லை. அதிகாரிகள் அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு பெட்டிச் சீட்டில் உள்ள எண் வாரியாகக் கூப்பிடுவார்கள். நாலாயிரம் பேர் இருக்கும் கப்பலில் இந்த இறக்கம் பத்து மணி வரைகூடப் போகும். இறங்கியதும் குடிநுழைவு வரிசை, அது முடிந்து பெட்டி எடுப்பது, சுங்கம், டாக்சி வரிசை. மரினா பே கப்பல் முனையத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்குச் சாலை காலியாக இருந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். ஆனால் வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கை வைத்தால், நீங்கள் 8.15க்கே அங்கே இருந்தாக வேண்டும். கைப்பையோடு தனியாக வரும் இளைஞர் ஓடிப் பிடித்துவிடலாம். கைத்தடியோடு ஒரு பெரியவரையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முடியாது. அப்படியே பிடித்துவிட்டாலும், பிடிப்போமா மாட்டோமா என்ற கவலை வியாழக்கிழமை மத்தியானமே தொடங்கிவிடும். கடைசி நாளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கவலைதான்.

மதியம் இரண்டு மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பாருங்கள். சாயங்காலம் என்றால் இன்னும் நல்லது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நேரடியாகப் பறக்கின்றன, நேரம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். தேதி மாற்றக் கட்டணம் கொஞ்சம் கையைக் கடிக்கும். விமானத்தை விட்டுவிட்டு ஆறு பேருக்கு அன்றைய விலையில் டிக்கெட் எடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே இல்லை.

இனி உங்கள் நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது பொய்யில்லை. நிறையப் பேருடைய கடைசி நாள் அப்படித்தான் போகிறது. கப்பலில் விருந்தினர் சேவை மேசையில் வேலை பார்த்தவன் என்பதால் அந்த இரவை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எனக்குத் தெரியும். காலையிலும் மத்தியானத்திலும் இரண்டு மூன்று பேர் வந்து போகும் மேசை அது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பார்த்தால் வரிசை படிக்கட்டு வரை நிற்கும். எல்லாருக்கும் அதே சந்தேகங்கள்தான்: பில்லில் இது என்ன, பெட்டிச் சீட்டு எங்கே, நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்கணும். தூக்கம் வந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் அம்மாக்களைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். அதே கேள்வியைக் காலை பத்து மணிக்கு வந்து கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். கிளம்பும் வேலைகள் எல்லாவற்றையும் வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடித்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் போதும். அப்புறம் சாயங்காலமும் இரவும் முழுசாக உங்களுடையது.

அந்த நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பில். கப்பலின் ஆப்பிலோ, சில கப்பல்களில் அறையில் உள்ள டிவியிலோ உங்கள் கணக்கு வரி வரியாகத் தெரியும். கப்பலில் செலவுக்குக் காட்ட ஆளுக்கொரு அட்டை தருவார்கள், பிள்ளைகளின் அட்டையில் என்ன ஏறியிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள். வீடியோ விளையாட்டு அறையில் அட்டையை ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் பணம் போகும். பிள்ளைகளுக்கு அது பணம் என்றே தெரியாது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் கணிசமான தொகை நிற்கும். முதல் நாளே சேவை மேசையில் சொல்லி அவர்கள் அட்டையில் செலவை நிறுத்தி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. ரத்து செய்த உணவக முன்பதிவு, அறையின் குளிர்பெட்டியில் எடுக்காத பானம், ஒரே காபிக்கு இரண்டு தடவை விழுந்த தொகை, இதெல்லாம் எல்லாக் கப்பலிலும் நடக்கும். கப்பலில் இருக்கும்போதே சொன்னால் உடனே திருத்துவார்கள். ஊருக்கு வந்து மின்னஞ்சல் போட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

கப்பலில் மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அதற்கான பில்லையும், அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் அன்றே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் பணம் கேட்க இரண்டும் வேண்டும்.

கணக்கை டெபிட் அட்டையோடு இணைக்காதீர்கள், கிரெடிட் அட்டையே மேல். கப்பல்காரர்கள் ஒரு தொகையை முன்கூட்டியே நிறுத்திவைப்பார்கள். டெபிட் அட்டையில் அது உங்கள் சொந்தப் பணம். பயணம் முடிந்து பல நாட்கள் ஆனாலும் விடுபடாமல் இருக்கலாம்.

டிப்ஸ் விஷயத்தில் நீங்கள் குழம்பவே வேண்டாம். பெரிய கப்பல்களில் சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறிவிடும். நிறுவனத்தைப் பொறுத்து 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை வரும், பல கப்பல்களில் பிள்ளைகளுக்கும் உண்டு. டிக்கெட்டோடு முன்பே கட்டிவிட்டீர்களா என்று உங்கள் ரசீதில் பாருங்கள். கட்டியிருந்தால் மறுபடி கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. உங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட ஊழியர் மனதுக்குப் பிடித்தவராக இருந்தால் ஒரு சின்னத் தொகையை உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். பயணம் முடிந்ததும் கருத்துக் கேட்டு ஒரு படிவம் வரும். அதில் அவர் பெயரையும், அவர் செய்த ஒரு நல்ல காரியத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்த ஊழியர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து ஆறு மாதம், எட்டு மாதம் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் விருந்தினர் எழுதிய பாராட்டு அவர்களுக்குப் பெரிதும் உதவும். இரண்டு நிமிட வேலை, தயவுசெய்து மறக்காதீர்கள்.

காலையில் "விரட்டுகிறார்கள்" என்று உங்கள் நாத்தனாருக்குத் தோன்றியதற்கும் காரணம் இருக்கிறது. நீங்கள் இறங்கும் அதே நாள் மத்தியானம் அடுத்த கூட்டம் ஏறத் தொடங்கிவிடும். காலை முகூர்த்தம் முடியும்போதே சாயங்கால வரவேற்புக்காரர்கள் மண்டப வாசலில் வந்து நிற்பார்களே, அந்த மாதிரி. ஆயிரக்கணக்கான அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, சாமான்கள் ஏற்றி முடிக்க அவர்களுக்குக் கிடைப்பது நாலைந்து மணி நேரம். அதனால்தான் எட்டு மணிவாக்கில் அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அறையைத்தான் காலி செய்யச் சொல்கிறார்கள், கப்பலை அல்ல. உங்கள் எண்ணைக் கூப்பிடும் வரை பொதுக்கூடத்தில் வசதியாக உட்கார்ந்திருக்கலாம், காலை உணவும் உண்டு. பஃபேயில் அன்று கூட்டம் நெரியும். மேசையில் பரிமாறும் உணவகம் திறந்திருந்தால் அங்கே போங்கள், மாமியாருக்கு வசதி.

சரி, பெட்டிக்கு வருவோம். ராத்திரி வெளியே வைப்பது பாதுகாப்பானதுதான். வியாழன் அன்று எண் போட்ட சீட்டுகள் அறைக்கு வரும், அல்லது ஓரிடத்தில் போய் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதைப் பெட்டியின் கைப்பிடியில் கட்டி, ராத்திரி பத்து பதினொரு மணிக்குள் கதவுக்கு வெளியே வைத்தால், ஊழியர்கள் கொண்டுபோய்விடுவார்கள். மறுநாள் முனையக் கூடத்தில் எண் வாரியாக அடுக்கியிருக்கும். பூட்டி வையுங்கள். ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும் என்பதால் கைப்பிடியில் ஒரு பட்டு நாடாவையோ பழைய ரிப்பனையோ சுற்றிவிடுங்கள்.

பெட்டிகளை நீங்களே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கும் வழியும் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம். அந்த நேரத்தில் லிப்ட் கிடைக்கவே கிடைக்காது.

வெளியே வைக்கும் பெட்டிக்குள் எது போகக்கூடாது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பாஸ்போர்ட், நகை, மருந்து என்றால் சொல்லாமலே புரியும். காலையில் போட வேண்டிய துணியை யாரும் நினைப்பதில்லை. இரவு உடையோடு இறங்கியவர்கள் உண்டு. எல்லாருடைய செருப்பையும் பெட்டியில் வைத்துவிட்டு, அறையில் கிடந்த துணிச் செருப்போடு சுங்கத்தில் நின்ற குடும்பமும் உண்டு. பெட்டி கட்டத் தொடங்கும் முன்பே ஆறு பேருக்கும் வெள்ளிக்கிழமை உடை, உள்ளாடை, செருப்பு எடுத்துச் சோபாவில் ஆறு குவியலாக வைத்துவிடுங்கள். மாமனார் மாமியாரின் மூக்குக்கண்ணாடி, பல்செட், காலை மாத்திரை, சின்னவனுக்கு ஒரு மாற்று உடை, போன் சார்ஜர் எல்லாம் கைப்பையில். குவியலைத் தொடாமல் மீதியைக் கட்டினால் தப்பே வராது. கடைசியாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: பாதுகாப்புப் பெட்டகம், கட்டிலுக்கு அடியில், குளியலறைக் கதவின் பின்பக்கக் கொக்கி, படுக்கையருகே உள்ள சார்ஜர் துளை. அறையில் விட்டுப்போன பொருட்களில் அதிகம் சிக்குவது சார்ஜர்தான்.

சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பலில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உங்களிடமும் வாங்கினால், எப்போது எங்கே திருப்பித் தருவார்கள் என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்காகச் சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். இப்போதே முன்பதிவு செய்தவரிடம் சொல்லிவைப்பது முக்கியம். வியாழன் காலை சேவை மேசையில் மறுபடி உறுதி செய்யுங்கள். "நான் நடப்பேன், எதுக்கு அதெல்லாம்" என்று அவர் சொல்லக்கூடும். கப்பலிலிருந்து முனையம், முனையத்திலிருந்து டாக்சி என்று நடையும் நிற்பதும் அவர் நினைப்பதைவிட நிறைய. உதவி கேட்டவர்களுக்கென்று ஒரு கூடும் இடம் சொல்வார்கள். ஊழியரே தள்ளிக்கொண்டு வருவார், துணைக்கு நீங்களும் கூடப் போகலாம்.

இரண்டு பாட்டில் விஷயத்தில் கணவரிடம் நாலு விவரம் சொல்லுங்கள். ஒன்று, கப்பல் கடையில் வாங்கும் மதுவை அங்கேயே கையில் தரமாட்டார்கள், கடைசி இரவிலோ காலையிலோதான் தருவார்கள். இரண்டாவது, நீங்கள் விமானத்துக்குப் போகும் வழியில் இருந்தாலும் சிங்கப்பூர் சுங்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பதினெட்டு வயது நிரம்பி, 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்து, மலேசியா அல்லாத நாட்டிலிருந்து வருபவருக்குத்தான் அங்கே வரிச் சலுகை. உங்கள் கப்பல் கடைசியாக நிற்பது புக்கெட் என்பதால் சரி. பினாங்கு கடைசியாக இருந்தால் சலுகை கிடையாது. மூன்றாவது, சலுகை இருந்தாலும் ஸ்பிரிட் வகை ஆளுக்கு ஒரு லிட்டர்தான். அதனால் இரண்டு விஸ்கி பாட்டில் என்றால், ஒன்று அவர் கையில், மற்றது மாமனார் கையில் இருக்கட்டும். நாலாவதுதான் பலரும் பணத்தைத் தொலைக்கும் இடம். கப்பலில் வாங்கிய பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏற முடியாது. நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் பாதுகாப்புச் சோதனையில் நின்றுபோகும். முனையத்தில் பெட்டி கைக்கு வந்ததும், துணிக்கு நடுவே சுற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு பெட்டியில் இடம் விட்டுவையுங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியின்றி அனுமதி உண்டு.

சிங்கப்பூருக்குத் திரும்பி வருவது மறுபடி ஒரு நாட்டுக்குள் நுழைவது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகைதானா என்று இன்றே பாருங்கள். இணையத்தில் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டையையும் ஆறு பேருக்கும் புதிதாக நிரப்ப வேண்டும். முதலில் விமானத்தில் வந்தபோது நிரப்பியது இதற்குச் செல்லாது. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். உங்களுக்கு அது புதன்கிழமை, அதாவது புக்கெட்டில் கரையில் இருக்கும் நாளில் தொடங்குகிறது. அங்கே டீ குடிக்கும் இடத்தில் போன் இணைப்பிலேயே முடித்துவிட்டால், கப்பலின் விலை கூடிய வைஃபைக்குப் பணம் கட்ட வேண்டாம். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளமென்றால் வெளியே வந்துவிடுங்கள்.

புக்கெட் என்றதும் இன்னொன்று. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறியிருக்கும். கப்பலுக்கு வந்து விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் அப்படியே நிற்கும். வெள்ளி காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்தீர்களானால், அது அடிக்கும்போது சிங்கப்பூரில் ஏழு. புதன் இரவே அறிவிப்புத்தாளில் கப்பல் நேரம் என்னவென்று பார்த்து, எல்லாப் போனையும் கையால் மாற்றிவிடுங்கள்.

இத்தனையும் முடிந்தால் வியாழன் மத்தியானத்திலிருந்து என்ன செய்வது? கடைகளில் "கடைசி நாள் தள்ளுபடி" என்று மேசை போட்டுக் கைக்கடிகாரமும் பையும் குவித்திருப்பார்கள். அங்கே நேரம் போக்க வேண்டாம், எல்லாம் ஊரில் கிடைப்பவை. பிள்ளைகளை மத்தியானம் நீச்சல் குளத்தில் விடுங்கள். ஈரத் துணி காய நேரம் இருக்கும். வெயில் தாழ்ந்ததும் மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போங்கள். கப்பல் அப்போது மலாக்கா நீரிணையில் தெற்கே வந்துகொண்டிருக்கும். உலகத்திலேயே கப்பல் போக்குவரத்து மிக அதிகமான கடல்வழிகளில் அது ஒன்று. சரக்குப் பெட்டிகளை ஏழெட்டு அடுக்காக ஏற்றிய கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள், இழுவைப் படகுகள் என்று பக்கத்திலேயே போகும். எந்தக் கப்பலில் எத்தனை அடுக்கு என்று பெரியவனை எண்ணச் சொல்லுங்கள், பொழுது போவதே தெரியாது. காற்று பலமாக இருக்கும், மாமியாருக்கு ஒரு சால்வை வேண்டும். மேல்தளத்தில் காற்று மறைக்கும் கண்ணாடித் தடுப்பு பக்கமாக நாற்காலி பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளி காலை சீக்கிரம் எழ முடிந்தவர்கள் விடிவதற்கு முன் மறுபடி மேலே போகலாம். சிங்கப்பூரை நெருங்கும்போது நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் கடல் முழுக்கத் தெரியும்.

இறங்கிய பிறகு ஆறு பேரும் பெட்டிகளும் ஒரு சாதாரண டாக்சியில் அடங்காது. பெரிய வண்டி ஒன்றை முன்பதிவு செய்யுங்கள், அல்லது இரண்டு டாக்சி. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு வண்டியில் தனி இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு இதில் விலக்கு உண்டு, ஆப் மூலம் வரும் தனியார் கார்களுக்கு இல்லை. விமானம் சாயங்காலம் என்றால் சாங்கியில் பெட்டிகளைக் கட்டணக் காப்பறையில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ஜூவல் வணிக வளாகத்துக்குப் போங்கள். கட்டடத்துக்குள்ளேயே நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி இருக்கிறது. உட்கார இடமும் குளிர்சாதனமும் உண்டு, நடை குறைவு. ஊர் சுற்றலாம் என்று அன்று மாமியாரை அலைக்கழிக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஓரிரு நாள் தரை லேசாக ஆடுவது போல இருக்கலாம், குறிப்பாகக் குளியலறையில் கண்ணை மூடி நிற்கும்போது. நாலு நாள் அசைவுக்குப் பழகிய உடம்பு திரும்பப் பழக நேரம் எடுத்துக்கொள்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. மாமியார் அந்த இரண்டு நாளும் குளியலறைக்குப் போகும்போது யாராவது கூட இருங்கள், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கட்டும். யாருக்காவது அந்த ஆட்டம் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கப்பல் பயணம் போய்வந்ததையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.